வெள்ளிக்கிழமைத் தோல்விகள்

கும்மிடிப்பூண்டி,
22 மே 2006

தம்பி ஷாகிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு நான் கடிதம் எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. உன் மச்சானின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நீ வரவில்லை. ஏதோ ஓர் ஊரில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து யாரோ இரண்டு பேருக்குப் பாயிண்ட் எண்ணிக்கொண்டிருந்தாய். அதன் பிறகு உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போதும் எனக்காக எழுதவில்லை, என் மகனுக்காக எழுதுகிறேன்.

யாசர் மார்ச்சிலிருந்து ஐரோப்பாவில் சேலஞ்சர் டென்னிஸ் போட்டிகளில் ஆடுகிறான். டெலிவிஷனில் காட்டும் போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளவை என்பதால் இங்கே எந்தப் பேப்பரும் முடிவுகளைப் போடுவதில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ப்ரௌஸிங் சென்டருக்குப் போய் நானே பார்த்துக்கொள்கிறேன். ஒற்றையர் ஆட்டத்தில் அவன் தோற்றாலும் கடைசி வரை போராடித்தான் தோற்கிறான். பொன்னேரி மோசஸோடு சேர்ந்து ஆடும் இரட்டையரில் மட்டும் வேறு மாதிரி. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் வெற்றி. வெள்ளிக்கிழமை அரையிறுதி வந்தால் தோல்வி. அதுவும் முதல் செட்டை ஜெயித்துவிட்டுத் தோல்வி. ஒரு முறை நடந்தால் கெட்ட நாள் என்று விட்டுவிடலாம். மூன்றாவது முறையும் அப்படியே நடந்தால் எனக்கு அது பிடிக்கவில்லை.

யாசரிடம் ஃபோனில் கேட்டேன். சிரித்தான். சிரித்து மழுப்புவதில் அவன் அத்தா மாதிரி. நீ அந்தப் போட்டிகளுக்கே நடுவராகப் போகிறவன், நேரில் பார்ப்பவன். அவன் எப்படி ஆடுகிறான், யாரோடு பழகுகிறான் என்று எழுது. ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீயும் மழுப்பிவிடுவாய்.

ஹாஜிரா


6 ஜூன் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது. படித்த பிறகு அந்தச் சந்தோஷம் குறைந்துவிட்டது. மச்சானின் நாற்பதாம் நாளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

யாசரைப் பற்றி ஒரு விஷயம் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரன் ஆடும் ஆட்டத்துக்கு நான் நடுவராக இருக்க முடியாது. அவன் என் அக்கா மகன் என்று முதல் வருடமே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆட்டக்காரர்களோடு நடுவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டோம். ஒரே ஹோட்டலில் இருந்தாலும் லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. ஆகவே அவன் யாரோடு பழகுகிறான் என்று எனக்குத் தெரியாது.

நன்றாகத்தான் ஆடுகிறான். அரையிறுதியில் எதிரிகள் பலமானவர்களாக இருப்பார்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? வெயிலில் ப்ரௌஸிங் சென்டருக்கு அலையாதீர்கள்.

உங்கள் தம்பி,
ஷாகிர்


கும்மிடிப்பூண்டி,
20 ஜூன் 2006

தம்பி ஷாகிருக்கு,

உன் கடிதத்தில் தேதி இருக்கிறது, ஊர் இல்லை. எப்போதும் ஊர் பெயரை முதலில் எழுதுகிறவன் நீ. எந்த ஊரிலிருந்து எழுதுகிறாய் என்று தெரிந்தால் அந்த வாரம் யாசர் அங்கே இருந்தானா என்று நான் பார்த்துவிடுவேன் என்றுதானே?

இருந்தான். மிலான் தபால் முத்திரையைப் பார்த்தேன். பக்கத்து ஊரில்தான் அந்த வாரப் போட்டி. அந்த வெள்ளியும் தோல்விதான்.

இங்கே ஒன்று நடந்தது. யாசருக்கு விமான டிக்கெட்டும் ஷூவும் வாங்கிக் கொடுத்து உதவுகிற சுப்பராயன், சிப்காட்டில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர், போன வாரம் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, யாசர் இந்த வாரம் எத்தனாவது ரவுண்டு என்று கேட்டார். எனக்கே தெரியாத ஸ்கோரெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய இரும்புக்காரருக்கு இத்தாலியில் நடக்கும் டென்னிஸில் அப்படி என்ன அக்கறை என்று எனக்குத் தோன்றியது. கிரிக்கெட்டில் என்னென்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். ஆட்டத்தில் தோற்பதற்கும் ஆட்களைப் பிடிக்கிறார்கள்.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து அவருடைய யார்டுக்கே போனேன். துருப்பிடித்த கம்பிக் குவியலுக்கு நடுவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். என் மகன் ஜெயித்தால் உங்களுக்கு லாபமா, தோற்றால் லாபமா என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா நீங்க, இப்டி கேட்டுட்டீங்க? அவன் சட்டையில என் கம்பெனி பேரு கீது. சனிக்கெழம ஃபைனல்ல ஆடுனாத்தான் ஃபோட்டோ எடுப்பாங்க. ஒரு ஃபோட்டோ வரட்டும், ஆஃபீஸ்ல மாட்டலாம்னு ஆணி அடிச்சி வெச்சிக்கினு கீறேன். உங்க புள்ள வெள்ளிக்கெழமையே மூட்ட கட்டிக்கினு கெளம்பிடறான்."

எட்டிப் பார்த்தேன், ஆஃபீஸ் சுவரில் ஆணி இருந்தது. அது புதிதாகவும் இல்லை. அவரை நான் நம்பினேன். ஆனால் அவரைச் சந்தேகப்படாமல் விட்டால் வேறு யாரைச் சந்தேகப்படுவது என்ற கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

நேராகக் கேட்கிறேன். யாசர் பணம் வாங்கிக்கொண்டு தோற்கிறானா?

ஹாஜிரா


பியெல்லா, இத்தாலி,
3 ஜூலை 2006

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் பெயர் மேலே இருக்கிறது.

நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் மகனை, உங்கள் வீட்டில் வளர்ந்தவனை இப்படி நினைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சுப்பராயன் நல்ல மனிதர், அதனால் சும்மா விட்டார். இன்னொருவராக இருந்தால் யாசருக்குக் கிடைக்கும் உதவியே அன்றோடு நின்றிருக்கும்.

பணம் இல்லை. யாரும் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு. வேண்டுமானால் நம் அத்தாவின் பேரில் சத்தியம் செய்கிறேன். இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். இந்த வாரம் இங்கே மழை. ஆட்டங்கள் பாதியில் நிற்கின்றன. நாற்காலியில் நனைந்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

உங்கள் தம்பி,
ஷாகிர்


கும்மிடிப்பூண்டி,
17 ஜூலை 2006

தம்பி ஷாகிருக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி.

ஜூன் மாதம் எழுதும்போது யாசரைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது, லிஃப்டில் தலையசைப்பதோடு சரி என்றாய். ஜூலையில், அவன் பணம் வாங்கவில்லை என்று அத்தா பேரில் சத்தியம் செய்கிறாய். எதுவுமே தெரியாதவனால் அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. காரணம் பணம் இல்லை என்று உனக்கு இவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்றால், உண்மையான காரணம் எது என்றும் உனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவன் வேண்டுமென்றே தோற்கவில்லை என்று நீ எங்கேயும் எழுதவில்லை. பணம் இல்லை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாய்.

கான்வென்ட் ஹாஸ்டலில் ஏழு வருடம் இருந்தவள் நான். பாதி உண்மையைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறவர்களை அங்கேயே நிறையப் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியை எழுது. எழுதாவிட்டால் அந்த டென்னிஸ் சங்கத்துக்கு நானே ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பேன். எனக்கு அந்த ஆங்கிலம் வரும் என்று உனக்குத் தெரியும்.

ஹாஜிரா


மிலான்,
30 ஜூலை 2006

அக்காவுக்கு,

சங்கத்துக்கு எழுதாதீர்கள். சொல்லிவிடுகிறேன்.

யாசருக்கு ரேங்கிங் போதாது. அதனால் ஒவ்வொரு போட்டியிலும் அவன் முதலில் தகுதிச் சுற்று ஆடித்தான் ஒற்றையருக்குள் நுழைய வேண்டும். அந்தத் தகுதிச் சுற்றுக்கு, முந்தின வெள்ளிக்கிழமை மாலைக்குள் அடுத்த ஊருக்கே நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை இரட்டையர் அரையிறுதியை ஜெயித்தால் சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு இங்கேயே இருந்தாக வேண்டும். அப்போது அடுத்த வாரத்து ஒற்றையர் போய்விடும். காலையில் சீக்கிரம் தோற்றுவிட்டால் ரயிலைப் பிடித்துவிடலாம்.

இந்தப் போட்டிகளில் அப்படிச் செய்கிறவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஆனாலும் அது குற்றம்தான். முயற்சி செய்யாமல் ஆடினால் அபராதமும் தடையும் உண்டு.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஆட்டம் இல்லாததால் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டத்தை முடிவு செய்யும் கடைசி டை-பிரேக்கில் அவன் அடுத்தடுத்து இரண்டு டபுள் ஃபால்ட் போட்டு, சர்வீஸிலேயே பாயிண்ட்டை விட்டுக்கொடுத்தான். பந்தைத் தூக்கிப்போடும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் ராக்கெட் பை அப்போதே ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. அவன் ஆட்டத்தில் நான் தலையிடக் கூடாது என்றுதானே விதி, அப்படியானால் புகார் செய்வதும் என் வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் ஒற்றையரில் மேலே வர ஆசைப்படுகிறான், அக்கா. அதில் என்ன தவறு?

ஷாகிர்


கும்மிடிப்பூண்டி,
12 ஆகஸ்ட் 2006

ஷாகிருக்கு,

என்ன தவறு என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தில் மோசஸ் என்ற பெயர் ஒரு முறைகூட வரவில்லை. அதுதான் தவறு.

மோசஸுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு ஒற்றையர் கிடையாது. அவனுக்கு இருப்பது இரட்டையர் மட்டும்தான். அவன் வெள்ளிக்கிழமைகளைத்தான் என் மகன் தூக்கிப்போட்டுவிட்டு ரயில் ஏறியிருக்கிறான். இந்த சீசன் முடிவதற்குள் ரேங்கிங் உயராவிட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் சேரப்போகிறான் என்று அவன் அம்மா, நர்ஸாக இருப்பவள், ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். என்ன யோக்கியதையில் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

பணம் வாங்கியிருந்தால் முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றியிருப்பான். இது கூட ஆடுகிறவனையே ஏமாற்றியது. நான் சந்தேகப்பட்டதைவிட இது மோசம்.

நீ போய் மேலதிகாரியிடம் சொல். யாசர் செய்ததையும் சொல், நீ பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செய்.

ஹாஜிரா


கும்மிடிப்பூண்டி,
19 ஆகஸ்ட் 2006

தம்பி ஷாகிருக்கு,

முந்தின கடிதத்தில் சொன்னதைச் செய்யாதே. அல்லது, இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

உன் செல்ஃபோன் அணைந்தே இருக்கிறது. மிலானில் உன் நண்பர் கடைக்கும் பேசினேன். உனக்கு வந்த தபாலை இன்னொரு நடுவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டாராம். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் இதையும் அங்கேயே அனுப்புகிறேன்.

அடுத்த போட்டிகளுக்கான உஸ்பெகிஸ்தான் விசா வேலையாக மோசஸ் ஊருக்கு வந்திருக்கிறான். நேற்று மத்தியானம் இங்கே வந்தான். யாசர் கொடுத்தனுப்பிய சாக்லேட்டைக் கொடுத்தான். பழவேற்காட்டு இறால் இருந்ததால் சாப்பிட உட்கார வைத்தேன். வெள்ளிக்கிழமை ஆட்டங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது போலப் பதில் சொன்னான்.

"வெள்ளிக்கெழம ஆனா அவனுக்கு வயிறு சரியில்லாம போயிடுது ஆன்ட்டி. அங்க கெடைக்கிற சாப்பாடு ஒத்துக்கல. வியாழக்கெழம நானே ரூம்ல சோறு ஆக்கி மோர் ஊத்திக் குடுக்கறேன். அப்பவும் அப்டித்தான்."

எனக்குத் தாங்கவில்லை. வயிறு காரணம் இல்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"தெரியும் ஆன்ட்டி."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ரெண்டாவது தடவையே. சின்னப் புள்ளையிலேர்ந்து அவன் சர்வீஸப் பாத்துக்கினு கீறேன். எனக்குத் தெரியாதா? முட்டி போனவன்கூட வேற எவன் ஆடுவான்? வெள்ளிக்கெழம வுட்டுட்டுப் போனாலும் செவ்வாக்கெழம என்கூட எறங்கறான் இல்ல. அது போதும். யாருக்கும் எழுதிடாதீங்க. அவன வெளிய அனுப்பிட்டாங்கன்னா என் கதையும் முடிஞ்சிது."

அதாவது அந்த மோரும் சோறும் யாசருக்காக ஆக்கியது இல்லை. யாராவது கேட்டால் சொல்வதற்காக ஆக்கியது. நான் கேட்டேன், சொன்னான்.

ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இறால் வைத்தேன். கேட் வரைக்கும் போய் வழியனுப்பினேன். ஒருவரிடம் இப்படி மறைத்துப் பேசுவது எவ்வளவு சுலபம் என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன்.

எது நியாயம் என்று எனக்குத் தெரியாமல் போவது இதுதான் முதல் முறை. நீ இன்னும் சொல்லவில்லை என்றால் பொறு.

அக்கா


ஃப்ரைபர்க், ஜெர்மனி,
29 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் நேற்று கிடைத்தது. முதல் கடிதம் கிடைத்த அன்றே நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எழுதியபடியே இரண்டையும் சொன்னேன். மேற்பார்வையாளர் யாசரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் மறுக்கவில்லை. இரண்டு மாதம் எங்கேயும் ஆடக் கூடாது, அபராதமும் கட்ட வேண்டும். இந்த சீசன் முடியும்வரை எனக்கும் நாற்காலி கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கோடு பார்க்கும் வேலை வேண்டுமானால் செய்யலாம் என்றார்கள். ஐம்பது வயதில் வெயிலில் குனிந்து நின்று கோடு பார்க்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்றைக்கு லிஃப்டில் யாசர் என் பக்கத்தில்தான் நின்றான். "நீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம், நான்தான், நானாகவே போய்ச் சொன்னேன் என்றேன். உங்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அவன் அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறான். அவனுக்குத் திரும்பி வர ஓர் இடமாவது இருக்கட்டும். என்மேல் இருக்கும் கோபம் அவனுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், பரவாயில்லை. கோபம் எனக்கு உங்களிடம் பழகிப்போனதுதானே.

மோசஸுக்காக வருத்தப்படுகிறேன். நடுவர் யாருக்கும் ஜோடி தேடித் தர முடியாது. தேடவும் கூடாது.

உங்கள் தம்பி,
ஷாகிர்


கும்மிடிப்பூண்டி,
16 செப்டம்பர் 2006

அன்புள்ள ஷாகிருக்கு,

எனக்காகப் பொய் சொல்லும் உரிமையை உனக்கு யார் கொடுத்தது? அது நல்ல பொய்தான். ஆனாலும் எனக்கு வேண்டாம்.

யாசர் வந்து ஒரு வாரம் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது உன்னைத் திட்டினான். திட்டும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் ஏதோ சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன். என் மகன்தானே.

இன்று மத்தியானம் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன், மாமா இல்லை, நான்தான் என்று. அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். பிறகு, "ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான்.

"கேட்டேன். சிரிச்சே."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கை கழுவினான். ராக்கெட் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மோசஸைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மன்னிப்புக் கேட்கப் போகிறானா, மோசஸ் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது என்று தப்பாக நினைத்துச் சண்டை போடப் போகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியுமே. கால் மணி நேரம் கழித்து நானும் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மோசஸ் வீட்டில் அவன் அம்மா மட்டும் இருந்தாள். இரண்டு பேரும் சிப்காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றாள். சின்ன வயதில் பழகிய அந்தத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் கோர்ட்டுக்குத்தான். இன்னொரு விஷயமும் சொன்னாள். உஸ்பெகிஸ்தானில் ஆடுவதற்கு மோசஸுக்கு வேறொரு ஜோடி கிடைத்திருக்கிறான். அந்த ஊர்ப் பையன். இரண்டு போட்டிக்கு மட்டும். திங்கட்கிழமை கிளம்புகிறானாம். அவளே ஒரு பையில் அரிசி கட்டிக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டின் கம்பி வேலி முழுவதும் கொடி படர்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மோசஸ் சர்வீஸ் போட யாசர் திருப்பி அடித்தான். மோசஸ் வலைக்கு ஏறி வந்து ஆடிப் பழகினான். எவனோ ஒருவனோடு ஆடுவதற்குத்தான் இந்தப் பயிற்சி. இதில் யாசருக்கு ரேங்கிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தளர்த்துகிறானா, காலை இழுக்கிறானா, வேண்டுமென்றே விடுகிறானா என்று. ஒரு முறை மோசஸ் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போவது எனக்கே தெரிந்தது. விட்டிருந்தால் யாசருக்குத்தான் பாயிண்ட். யாசர் அதற்கும் ஓடினான். எட்டவில்லை. நான் நின்ற பக்கம் வரைக்கும் வந்து வேலியில் தோள் மோதி நின்றான்.

வேலிக்குப் பின்னால் நான் இருப்பது முன்பே தெரிந்து, எனக்குக் காட்டத்தான் அவன் அப்படி ஓடினானோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ஹாஜிரா